இரண்டு பேர் வேலை மாறினதற்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அக்கா, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பல வருஷம் பெரிய தலைகளாக இருந்த கிறிஸ் பெர்கின்ஸும் ஜெரமி கிராஃபோர்டும் 2025 ஜூனில் டாரிங்டன் பிரஸ்ஸில் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் செட்டில் பாதிப் பேர் கொண்டாடுகிறார்கள். மீதிப் பேர் ‘டாகர்ஹார்ட் இனிமேல் டி அண்ட் டி மாதிரியே ஆகிவிடும்’ என்று புலம்புகிறார்கள். இரண்டு பேர் வேலை மாறினதற்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? நான் டாகர்ஹார்ட் வாங்கலாமா, பொறுத்துப் பார்க்கலாமா?”

புதியவர்களுக்கு ஒரு வரி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ‘கேம் மாஸ்டர்’ ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி விளையாடுவது; டாகர்ஹார்ட், டாரிங்டன் பிரஸ் வெளியிடும் அதே வகை விளையாட்டு. வாங்கலாம் தம்பி, இலவசமாக விளையாடிப் பார்த்த பிறகு. ஆனால் உங்கள் கேள்வியில் கனமான பாதி அந்த ஆர்ப்பாட்டத்தைப் பற்றியது. அதை முதலில் பேசிவிடுகிறேன்.

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பேவியூவில், சனிக்கிழமை மதியம் தமிழ் வகுப்பு முடிந்த பிறகு ஒரு மேசை நடத்துகிறேன். வகுப்புப் பிள்ளைகள் ஐந்தாறு பேர், அவர்களுடைய அண்ணன்மார் இரண்டு பேர், சில நாள் ஒரு அப்பா. 2019-ல் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், இரண்டு மாதம் திருநெல்வேலியில் இருக்க வேண்டி வந்தது. ஆட்டத்தை நிறுத்த மனசில்லாமல், டர்பனின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து வரும் ஒரு இளைஞரிடம் கேம் மாஸ்டர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போனேன். நல்ல பையன், விதிப்புத்தகம் எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் கதையில் மலையடிவாரத்தில் ஒரு சத்திரம் உண்டு. அதை நடத்தும் கிழவி, என் ஆச்சி பேசின பேச்சில்தான் பேசுவாள். “ஏலே, காலக் கழுவிட்டு உள்ள வா” என்பது அவளுடைய முதல் வசனம். எந்த வீரன் வந்தாலும், எந்த ராஜா வந்தாலும் அதுதான். புதிதாக நடத்தவந்தவர் அவளுக்கு மரியாதையான, சாதாரணமான ஒரு குரலைக் கொடுத்தார். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் தன் கதாபாத்திரத்தின் விவரம் எழுதிய கேரக்டர் ஷீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “இது அந்தப் பாட்டி இல்ல” என்று சொல்லி எழுந்துவிட்டானாம். அவன் வீட்டில் பேசுவது ஆங்கிலம்தான். தமிழில் அவனுக்கு முழுதாக வாயில் வரும் நாலைந்து வாக்கியங்களில் அந்தச் சத்திரக் கிழவியின் வாக்கியமும் ஒன்று.

இந்த விஷயத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். விதி ஒன்றுகூட மாறவில்லை. அவனுடைய வாள் அவனிடமே இருந்தது. ஆனாலும் தன் வீட்டுக்குள் யாரோ நுழைந்து சாமான்களை இடம் மாற்றி வைத்த மாதிரி அவனுக்கு இருந்திருக்கிறது. அது அவன் வீடுதான். மேசை விளையாட்டில் கதையின் பாதியைக் கட்டுவது விளையாடுகிறவர்கள். சினிமா பிடிக்கவில்லை என்றால் எழுந்து வெளியே வந்துவிடலாம், அடுத்த வாரம் வேறு படம். நான்கு வருஷம் ஒரு கதாபாத்திரத்தை வளர்த்தவன் அப்படி எழுந்து போக முடியாது. ஒரு கம்பெனியில் புதிதாக யாரோ சேர்ந்தார்கள் என்ற செய்தி, குடியிருக்கும் வீட்டுக்குப் புது மேஸ்திரி வரப்போகிறார் என்ற செய்தியாக ரசிகர் காதில் விழுவது அதனால்தான். சுவரை இடிப்பாரா, சன்னல் வைப்பாரா என்ற பயம்.

இந்தப் பழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. 1860-லிருந்து மதராஸ் கப்பல்களில் நேட்டாலுக்கு வந்து கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்கள் தெருக்கூத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். இங்கே அதற்கு ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பெயரே வந்துவிட்டது. விடிய விடிய நடக்கும் ஆட்டம். கதை எல்லோருக்கும் தெரிந்த பாரதக் கதை, கூட்டம் வருவது யார் எப்படி ஆடுகிறார் என்று பார்க்க. இந்த வருஷம் துரௌபதி யார், வாத்தியார் யார் என்பது அந்தக் கூட்டத்துக்குச் சின்ன விஷயமாக இருந்திருக்க முடியாது. தெரிந்த கதையைப் புது ஆள் கையில் எடுக்கும்போது பார்ப்பவன் நிமிர்ந்து உட்காருகிறான். உங்கள் செட்டில் நடப்பதும் அதேதான்.

காசுக் கணக்கையும் சொல்ல வேண்டும். டி அண்ட் டி-யின் அடிப்படைப் புத்தகங்கள் மூன்று. ஒன்று 50 டாலர் என்றால் ராண்டில் 800, 900 வரும். அதற்கு மேல் கப்பல் கூலி, 15 சதவீத வாட். எங்கள் மேசைக்கு ஒரே ஒரு செட்தான், எல்லோரும் சேர்ந்து வாங்கினது. புது ஆள் வந்து புது எடிஷன் போட்டால் அந்தச் செட் பழசாகிவிடுமே என்ற கவலை அமெரிக்காவில் இருப்பவனைவிட இங்கே இருப்பவனுக்கு அதிகம். அந்தக் கவலையை யாரும் அற்பம் என்று சொல்லக் கூடாது.

ஆக, ரசிகர்கள் கூச்சல் போடுவதில் நியாயம் இருக்கிறது. என் வருத்தம் வேறு. பெரும்பாலும் அவர்கள் வருகிற ஆளின் முகத்தைப் பார்க்கிறார்கள், அவர் உட்காரப்போகும் நாற்காலியைப் பார்ப்பதில்லை. அந்த நாற்காலியில் இருந்து எதை மாற்ற முடியும், யார் கையெழுத்துப் போட்டால் அது அச்சுக்குப் போகும் என்று கேட்பதில்லை. இதற்கு மாண்டி குக் கதையைவிட நல்ல பாடம் கிடையாது. உங்கள் வயதுக்காரர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

மாண்டி குக், 2000-ல் வந்த டி அண்ட் டி மூன்றாம் எடிஷனை உருவாக்கிய மூவரில் ஒருவர். மற்ற இருவர் ஜோனதன் ட்வீட், ஸ்கிப் வில்லியம்ஸ். அந்த எடிஷனின் கேம் மாஸ்டர் புத்தகம் மாண்டியின் கைவண்ணம். அதன்பின் அவர் டி அண்ட் டி-யை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கம்பெனியை விட்டுப் போய்ச் சொந்தமாகப் புத்தகம் போட ஆரம்பித்தார். 2008-ல் நான்காம் எடிஷன் வந்தது. ரசிகர் உலகம் இரண்டாகப் பிளந்தது. ஒரு கூட்டம் புதியதை ஏற்றுக்கொண்டது. இன்னொரு கூட்டம் மூன்றாம் எடிஷனின் எலும்புக்கூட்டின் மேல் பைசோ கம்பெனி கட்டியெழுப்பி 2009-ல் வெளியிட்ட பாத்ஃபைண்டருக்குப் போய்விட்டது. அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை மாதிரி, ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தச் சூட்டில், 2011 செப்டம்பரில், விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கம்பெனி மாண்டி குக்கைத் திரும்ப வேலைக்கு எடுத்தது. எதற்காக என்று தெளிவாகச் சொல்லவில்லை. அவ்வளவுதான், பஞ்சாங்கம் பார்ப்பது தொடங்கியது. மூன்றாம் எடிஷன் ரசிகர்கள், எங்கள் ஆள் திரும்பிவிட்டார், பழைய காலம் வந்துவிட்டது என்று துள்ளினார்கள். நான்காம் எடிஷன் ரசிகர்கள், எங்கள் விளையாட்டைக் குழி தோண்டிப் புதைக்கத்தான் இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கொதித்தார்கள். ஐந்தாம் எடிஷன் வரப்போகிறது என்று ஊகித்தவர்கள் சரியாகத்தான் ஊகித்தார்கள். 2012 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. வடிவமைப்புக் குழுவுக்கு மாண்டியே தலைமை என்றும் சொன்னார்கள்.

ஏப்ரலில் அவர் வேலையை விட்டுவிட்டார்.

எட்டு மாதம்கூட ஆகவில்லை. கம்பெனியோடுதான் கருத்து வேறுபாடு, கூட வேலை செய்த வடிவமைப்பாளர்களோடு இல்லை என்று அவரே தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் மே மாதம் பொதுமக்கள் சோதனை தொடங்கி, 1,75,000-க்கும் மேற்பட்டவர்கள் விளையாடிப் பார்த்துக் கருத்துச் சொல்லி, 2014-ல் ஐந்தாம் எடிஷன் புத்தகமாக வந்தது. அந்த எடிஷனைக் கரைசேர்த்தவர்கள் மைக் மெர்ல்ஸும் ஜெரமி கிராஃபோர்டும். ஆமாம், நீங்கள் கேட்ட அதே கிராஃபோர்டுதான். 2011-ல் மாண்டிக்காகத் துள்ளினவர்களும் கொதித்தவர்களும் தப்பான இடத்தில் கண் வைத்திருந்தார்கள். வடிவமைப்புக் குழுவுக்கு மாண்டி தலைமை. அந்தக் குழுவுக்கு மேலே மெர்ல்ஸ். மெர்ல்ஸுக்கு மேலே விஸார்ட்ஸ். விஸார்ட்ஸுக்கு மேலே 1999-ல் அதை வாங்கிய ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி. அத்தனை மாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒருவருடைய முகத்தை வைத்து அத்தனை ஜாதகம் கணித்தார்கள்.

மாண்டி என்ன செய்தார் தெரியுமா? 2012-லேயே நூமனேரா என்ற தன் சொந்த விளையாட்டுக்காக, ரசிகர்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 20,000 டாலர் கேட்டார், ஐந்து லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள். மாண்டி குக் கேம்ஸ் என்று கம்பெனியே தொடங்கினார். அதே ஆள், அதே திறமை. இந்தத் தடவை மாடியும் அவருடையது. அவர் மனசில் இருந்த விளையாட்டு எது என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

இன்னும் பின்னால் போனால் இதைவிடக் கசப்பான ஒன்று இருக்கிறது. 1974-ல் டி அண்ட் டி-யைக் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கினார்கள். வெளியிட்டது கைகாக்ஸின் டி.எஸ்.ஆர். கம்பெனி, அமெரிக்காவின் விஸ்கான்சினில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில். 80-களின் நடுவில் கம்பெனி கடனில் தத்தளித்தபோது, நிர்வாகத்தைச் சீர்செய்ய லொரெய்ன் வில்லியம்ஸ் என்பவரைக் கைகாக்ஸே உள்ளே அழைத்துவந்தார். 1985 அக்டோபரில், மற்ற பங்குதாரர்களான ப்ளூம் சகோதரர்களிடமிருந்து பங்குகளை வாங்கி, கம்பெனி அந்த அம்மாள் கைக்குப் போனது. கைகாக்ஸ் நீதிமன்றம் வரை போனார், தோற்றார். அடுத்த வருஷம் தான் பெற்ற பிள்ளையை விட்டே வெளியேறினார்.

லொரெய்ன் வில்லியம்ஸை ரசிகர்கள் இன்றைக்கும் திட்டுகிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேர மாட்டேன். அவர் காலத்தில்தான் 1989-ல் இரண்டாம் எடிஷன் வந்தது, டார்க் சன், பிளேன்ஸ்கேப் போன்ற அற்புதமான உலகங்கள் வந்தன. 1997-ல் விஸார்ட்ஸ் வாங்கும்வரை கம்பெனி உயிரோடு இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டி அண்ட் டி-யின் முதல் ஐம்பது வருஷத்தில் அதன் தலையெழுத்தை மிக அதிகமாக மாற்றிய ‘புது ஆள்’ ஒரு விதிகூட எழுதாதவர். அவர் வந்தது கணக்குப் புத்தகத்தின் வழியாக.

2022-ல் மறுபடியும் அதேதான். மைக்ரோசாஃப்ட்டிலும் அமேசானிலும் இருந்த சிந்தியா வில்லியம்ஸ், விஸார்ட்ஸின் தலைவரானார். அந்தச் சமயம் எங்கள் மேசையில் அதைப் பற்றி ஒரு பேச்சுகூட இல்லை, நான் உட்பட யாரும் கவனிக்கவில்லை. டிசம்பரில் முதலீட்டாளர்களிடம் பேசும்போது, டி அண்ட் டி-யிலிருந்து கிடைக்கக்கூடிய அளவுக்கு வருமானம் இன்னும் எடுக்கப்படவில்லை என்ற பொருளில் அவர் பேசினார். 2023 ஜனவரி முதல் வாரத்தில் புதிய உரிம ஒப்பந்தத்தின் வரைவு வெளியே கசிந்தது. 2000-லிருந்து யார் வேண்டுமானாலும் டி அண்ட் டி விதிகளை வைத்துத் தங்கள் புத்தகம் போடலாம் என்று திறந்துவிட்டிருந்த ஓ.ஜி.எல். உரிமத்தை மாற்றி, 7,50,000 டாலருக்கு மேல் வருமானம் பார்ப்பவர்கள் அந்த மேல்தொகையில் 25 சதவீதம் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பழைய உரிமம் செல்லாது என்றும் இருந்தது.

அந்த மாதம் இங்கே லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து மின்வெட்டு, மோசமாக இருந்தது. ஸ்டேஜ் 6 என்றால் உங்களுக்குத் தெரியும், ஒரு நாளில் பல மணி நேரம் இருட்டு. மேசை விளையாட்டுக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால் அந்த வாரங்களில் எங்கள் மேசையில் ஆள் கூடுதலாக இருந்தது. சார்ஜ் விளக்கு வெளிச்சத்தில், ரொட்டியைக் குடைந்து உள்ளே பீன்ஸ் கறி ஊற்றின ‘பீன்ஸ் பன்னி’யை நடுவில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் கேட்டார்கள்: “மிஸ், நாம எழுதின கதையும் அவங்களுக்குத்தான் சொந்தமா?” நாங்கள் எழுதினதை யாரும் விற்கப்போவதில்லை, அதனால் சட்டப்படி எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று விளக்கினேன். அந்த விளக்கம் அவர்களுக்குப் போதவில்லை. எனக்கும் போதவில்லை.

உலகம் முழுக்க ரசிகர்கள் எழுந்தார்கள். கம்பெனியின் இணையச் சேவைக்குக் கட்டின மாதச் சந்தாவை ரத்து செய்தார்கள். கம்பெனி வேறு வழியில்லாமல் கருத்துக் கேட்டபோது 15,000-க்கும் மேற்பட்டவர்கள் பதில் சொன்னார்கள். பழைய உரிமத்தை ரத்து செய்வது தங்களுக்குத் திருப்தியில்லை என்று சொன்னவர்கள் அதில் 89 சதவீதம். ஜனவரி 27-ம் தேதி கம்பெனி பின்வாங்கியது. அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்.ஆர்.டி. ஆவணத்தை, திரும்ப வாங்கவே முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் வைத்துவிட்டது. ரசிகர் கூச்சல் ஒரு நல்ல காரியத்தைச் சாதிக்க முடியும் என்பதற்கு என் வாழ்நாளில் நான் பார்த்த மிகச் சிறந்த சாட்சி அந்த ஜனவரி. அப்போது அவர்கள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு ஆவணத்தை வரி வரியாகப் படித்துவிட்டுப் பேசினார்கள்.

இப்போது உங்கள் இரண்டு பேருக்கு வருகிறேன்.

கிறிஸ் பெர்கின்ஸ் பள்ளி, கல்லூரிக் காலத்திலேயே டி அண்ட் டி-க்கான டன்ஜன் பத்திரிகைக்குச் சாகசக் கதைகள் எழுதி அனுப்பினவர். முதல் கதை வந்தது 1988-ல். 1997-ல் விஸார்ட்ஸில் சேர்ந்து 28 வருஷம் இருந்தார். அவர் பலம் கதை, இடம், வில்லன். கிராஃபோர்டு அங்கே 18 வருஷம். ஐந்தாம் எடிஷனின் விதி விஷயத்தில் கடைசி வார்த்தை அவருடையது. இந்த மந்திரம் இப்படி வேலை செய்யுமா என்று உலகத்தில் எந்த மூலையிலிருந்து கேட்டாலும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தவர். ஐம்பதாவது ஆண்டுக்காகத் திருத்தி எழுதிய மூன்று புத்தகங்களும் 2024 செப்டம்பரிலிருந்து 2025 பிப்ரவரிக்குள் வெளிவந்து முடிந்தன. கையில் எடுத்த வேலையை முடித்துவிட்டு, அதற்கு அப்புறம்தான் இருவரும் விலகினார்கள். கோபித்துக்கொண்டு நடுவில் எழுந்து போனவர்கள் இல்லை. இந்த விவரம் உங்கள் செட்டில் யாராவது சொன்னார்களா?

டாரிங்டன் பிரஸ், கிரிட்டிக்கல் ரோல் குழுவின் சொந்தப் பதிப்பகம். 2015-லிருந்து நடிகர்கள் உட்கார்ந்து விளையாடுவதை ஒளிபரப்பி, லட்சக்கணக்கான பேரை இந்த விளையாட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் அவர்கள். கம்பெனி அந்த நண்பர்கள் கையிலேயே இருக்கிறது. பெர்கின்ஸ் அங்கே கிரியேட்டிவ் டைரக்டர், கிராஃபோர்டு கேம் டைரக்டர். மாண்டி குக்குக்கு மேலே இருந்த அத்தனை மாடி இவர்களுக்கு மேலே இல்லை. அதனால் இந்தத் தடவை நாற்காலி உண்மையிலேயே கனமானது என்பது என் கணிப்பு. கொண்டாடுகிறவர்கள் கொண்டாடுவதில் அர்த்தம் இருக்கிறது.

பயப்படுகிறவர்களுக்கு என் பதில் டாகர்ஹார்ட்டின் உள்ளேயே இருக்கிறது. ஸ்பென்சர் ஸ்டார்க் தலைமையில் உருவாகி, இந்த இருவரும் சேர்வதற்கு முன்பே, 2025 மே மாதம் அது அச்சாகிக் கடைக்கு வந்துவிட்டது. அதன் உயிர் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன். டி அண்ட் டி-யில் இருபது முகப் பகடை ஒன்றை உருட்டுவோம். டாகர்ஹார்ட்டில் பன்னிரண்டு முகப் பகடை இரண்டு. ஒன்று நம்பிக்கை, ஒன்று பயம். நாங்கள் மஞ்சள் பகடையை நம்பிக்கைக்கும் கறுப்பை பயத்துக்கும் வைத்திருக்கிறோம். போன மாதம் ஒரு பெண் பிள்ளை ஆற்றைத் தாண்ட உருட்டினாள். மஞ்சளில் 5, கறுப்பில் 9. கூட்டினால் 14, தேவையான எண்ணைத் தாண்டிவிட்டது, கரை சேர்ந்துவிட்டாள். ஆனால் கறுப்பு பெரியதாக விழுந்ததால் பயம் என் பக்கம் வந்து சேரும். கேம் மாஸ்டருக்குச் சேரும் பயத்தை எண்ண நான் புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். ஒரு கொட்டையை எடுத்து என் கிண்ணத்தில் போட்டேன், ‘டக்’ என்று சத்தம். கரை சேர்ந்த சந்தோஷத்திலேயே அவள் முகம் மாறினது. ஜெயித்தாய், ஆனால் ஏதோ ஒன்று உன்னைப் பார்த்துவிட்டது. இரண்டு பகடையிலும் ஒரே எண் விழுந்தால் அது பெரிய வெற்றி, அப்போது மேசையே எழுந்து கத்தும்.

இதுதான் டாகர்ஹார்ட். இதை இருபது முகப் பகடையாக மாற்ற அந்த இருவரும் அங்கே போகவில்லை என்று நான் நினைக்கிறேன். அப்படியொரு விளையாட்டுதான் வேண்டும் என்றால் அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்திருக்கலாமே.

ரசிகர் ஜோசியம் எவ்வளவு தவறும் என்பதற்கு அதே வருஷத்திலேயே இன்னொரு உதாரணம் கிடைத்தது. இருவரும் டாரிங்டனுக்கு வந்ததைப் பார்த்து, கிரிட்டிக்கல் ரோலின் நான்காவது கேம்பெயின், அதாவது புதிய தொடர்கதை, நிச்சயமாக டாகர்ஹார்ட்டில்தான் என்று அடித்துச் சொன்னவர்கள் நிறைய. ஆகஸ்டில் வந்த அறிவிப்பு என்ன? டி அண்ட் டி-யின் 2024 விதிகள். அதோடு, பத்து வருஷம் கதை நடத்திய மேட் மெர்சர் விளையாடுகிறவராக உட்காருவார், கதையை நடத்துவது பிரென்னன் லீ மல்லிகன். என் மேசையில் இந்தச் செய்தி வந்த அன்று, 2019-ல் ஷீட்டை மடித்துக்கொண்டு எழுந்த அதே பையன், இப்போது இருபது வயது, “சத்திரத்துப் பாட்டி மாதிரி ஆகிடும்” என்றான். பீனிக்ஸ் தம்பி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

அந்தக் கதையின் மீதியைச் சொல்லவில்லையே. நான் ஊரிலிருந்து திரும்பி வந்தபோது பிள்ளைகள் ஒரு கோரிக்கை வைத்திருந்தார்கள்: ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவர். கிழவியின் குரலை அவரால் கொண்டுவர முடியவில்லை. ஆனால் ஒரு படகுத்துறைக் காட்சியில், படகில் ஏறும் ஒவ்வொருவரும் கரையில் எதை விட்டுவிட்டு வருகிறார்கள் என்று சொல்லித்தான் ஏற வேண்டும் என்று ஒரு படகோட்டியை அவர் நிற்க வைத்திருக்கிறார். அந்த யோசனை எனக்கு ஏழு ஜென்மத்திலும் வந்திருக்காது. கொள்ளுத்தாத்தா கப்பலேறி வந்த பிள்ளைகள் அந்தக் கேள்விக்கு என்னென்ன பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டு எனக்குத் தொண்டை அடைத்தது. இன்றைக்கும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அவர்தான் நடத்துகிறார்.

இன்னொரு விதக் கூச்சலும் உண்டு. அதற்கு என்னிடம் பொறுமை கிடையாது. வருகிற ஆளின் வேலையைப் பார்க்காமல், பெயரையும் தோலின் நிறத்தையும் பெண் என்பதையும் பார்த்து, ‘அரசியலை உள்ளே கொண்டுவருகிறார்கள்’ என்று ஆரம்பிப்பது. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தப் பேச்சின் வாடை சட்டென்று தெரியும். அஜித் ஜார்ஜ் என்ற எழுத்தாளரை எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏழைப் பிள்ளைகளுக்காக நடக்கும் சாந்தி பவன் பள்ளியோடு இணைந்து வேலை செய்தவர். டி அண்ட் டி-க்காக 2021-ல் காலகேரி என்ற இந்தியச் சாயல் கொண்ட பயங்கர நாட்டை எழுதினார். அடுத்த வருஷம் 13 சாகசங்கள் கொண்ட ஒரு தொகுப்பை எஃப். வெஸ்லி ஷ்னைடரோடு சேர்ந்து முன்னின்று நடத்தினார். அந்தப் பதின்மூன்றையும் எழுதியவர்கள் கறுப்பின, ஆசிய, லத்தீன் அமெரிக்க வேர்கள் உள்ளவர்கள். ஒன்று வங்காள மண்ணின் வாசனையோடு மிமி மொண்டல் எழுதியது.

காலகேரியை ஆள்பவள் ரம்யா என்ற மகாராணி. அதை எங்கள் மேசையில் நடத்தின அன்று நான் பெயரைச் சொன்னதும் ஒரு பிள்ளை நிமிர்ந்து, “ரம்யாவா? என் பெரியம்மா மகள் பேர்” என்றாள். அதுவரை எல்ஃப் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவள், அன்று முழுக்க யார் பெயரிலும் தடுமாறவில்லை. அந்த எழுத்தாளருக்கு ஒரு இடம் கொடுத்ததால் நடந்தது இது. அவர் எழுதினதில் குறை இருந்தால் எழுத்தை எடுத்து வைத்துப் பேசுங்கள், நானும் பேசுவேன். காலகேரியில் இன்னும் கொஞ்சம் ஊரும் சந்தையும் சாப்பாடும் இருந்திருக்கலாம் என்பது என் குறை.

அப்புறம், கம்பெனி ஆட்களும் மனிதர்கள்தான் என்பதை மறந்துவிடுகிறோம். 2023 டிசம்பரில் ஹாஸ்ப்ரோ 1,100 பேரை வேலையை விட்டு அனுப்பியபோது அதில் மைக் மெர்ல்ஸும் இருந்தார். ஐந்தாம் எடிஷனைக் கரைசேர்த்த இருவரில் ஒருவர், கிறிஸ்துமஸுக்கு முன்னால். ஒரு விளையாட்டுக்காகப் பாதி ஆயுசைக் கொடுத்தவர் வேறு இடத்தில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டால், முதலில் என் மனசில் வருவது ‘நல்லபடியாக இருக்கட்டும்’ என்பதுதான்.

சரி, வாங்குவதா வேண்டாமா. உடனே காசு போட வேண்டாம். டாகர்ஹார்ட்டின் எஸ்.ஆர்.டி. ஆவணம் இலவசமாகக் கிடைக்கிறது. அதை இறக்கி, உங்கள் செட்டோடு இரண்டு மூன்று தடவை விளையாடிப் பாருங்கள். பிடித்தால் புத்தகம் வாங்குங்கள், படங்களும் அட்டைகளும் அந்தக் காசுக்குத் தகும். அதில் அச்சான விதியை நாளைக்கு எந்த டைரக்டர் வந்தும் உங்கள் அலமாரிக்குள் கை விட்டு மாற்ற முடியாது. டி அண்ட் டி-யையே தொடர்ந்தாலும் நஷ்டமில்லை. அதன் புதிய எஸ்.ஆர்.டி.யும் 2025 ஏப்ரலில் அதே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது. அந்த உரிமம் மொழிபெயர்க்கவும் அனுமதிக்கிறது. நாங்கள் இப்போது வகுப்பில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். ‘சேவிங் த்ரோ’வுக்கு என்ன சொல்வது என்று மூன்று வாரமாகச் சண்டை. நான் ‘காப்பு வீச்சு’ என்றேன். பிள்ளைகள் அதை ஒத்துக்கொள்ளாமல் ‘தப்புப் பகடை’ என்று முடிவு செய்துவிட்டார்கள், ஆபத்திலிருந்து தப்புகிற பகடையாம். தப்பாக விழுந்தாலும் அதே பெயர் பொருந்தும் என்று அவர்களுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

அடுத்த சனிக்கிழமை பீனிக்ஸ் தம்பியின் முறை, டாகர்ஹார்ட்தான். உங்கள் செட்டில் கொண்டாடுகிறவர் ஒருவர், பயப்படுகிறவர் ஒருவர் என்று இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு மூன்று மணிக்கு பேவியூ வந்துவிடுங்கள். பகடையும் புளியங்கொட்டையும் இங்கே இருக்கிறது. ஆளுக்கு ஒரு பென்சில் கொண்டுவந்தால் போதும்.